செல்லாத ஓட்டு

சாக்பீஸ் டப்பாதான் ஓட்டுப் பெட்டி.
எடுத்த சீட்டெல்லாம்
திருநீறு பூசினது மாதிரி வந்தது.
எண்ணுவதற்கு என்னை எழுப்பிவிட்டார் ஜெபமணி டீச்சர்.
நடுநிலையான பிள்ளை என்றார்.
யாரும் பக்கத்தில் சேர்க்காத பிள்ளைக்கு
அப்படியும் ஒரு பேர்.

எண்ணுவதற்கு முன்பே எண்ணியிருந்தேன்.
காலை உறுதிமொழியில்
எல்லாரும் உடன்பிறந்தார் என்று
கை நீட்டி நிற்போமே, அப்போது.
ஒரு நிறக் கயிறு பத்தொன்பது மணிக்கட்டில்,
மறு நிறம் பத்தொன்பதில்.
வெறுங்கை மூன்று:
மைதீன் பாத்து, பிரிஸ்கில்லா, நான்.
எனக்கு நூல் விரலில்தான்.
ராத்திரி அம்மாவோடு பீடிக்கு முடிபோட்டு
ஆள்காட்டி விரலில் விழுந்த கோடு.

பத்து நாளாக எங்கள் மூவருக்கும் ராஜமரியாதை.
சொரிமுத்து ஆள்கள் கொய்யாக்காய் தந்தார்கள், மிளகாய்ப்பொடியோடு.
கனியரசன் ஆள்கள் தேன்மிட்டாய்.
"ஏட்டி பகவதி, மறந்துராத" என்றான்
ஒன்பதாம் வகுப்பு முழுக்க
என் பேரே தெரியாமல் இருந்தவன்.
கொய்யாக்காய்க்கு நான் விசுவாசம்.
பிரிஸ்கில்லாவும் அப்படித்தான், சத்தியம் பண்ணிச் சொன்னாள்.
பாத்து தேன்மிட்டாய்க்கு.
ஆக சொரிமுத்து இருபத்தொன்று, கனியரசன் இருபது.
முக்கூடல் சந்தையில் கத்திரிக்காய்க் கணக்குகூட
இத்தனை சுத்தமாக இருக்காது.

போர்டில் கோடு போட்டேன்,
நாலு நெட்டுக்கு, ஒன்று குறுக்கே.
இருபது. இருபது.
கடைசிச் சீட்டில் பேரே இல்லை.
"யார் ஜெயிச்சாலும் சரி,
பொம்பளப் பிள்ளைய கக்கூஸ் கதவுக்குத்
தாழ்ப்பா வேணும்."

பின்பெஞ்சு விசிலடித்தது.
டீச்சர் சிரிக்கவில்லை,
படித்த மாதிரியும் காட்டிக்கொள்ளவில்லை.
சிவப்பு மையில் 'செல்லாது' என்றெழுதி
டஸ்டருக்கு அடியில் வைத்தார்.
காசு சுண்டினார்கள். தலை விழுந்தது.
கனியரசன் சட்டையில் பேட்ஜ் குத்தும்போது
அவன் பக்கம் மட்டும் கை தட்டியது.
கூடவே பாத்து.

எனக்குக் கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது.
நாங்கள் மூன்று பேரும் போட்டாயிற்று.
அப்படியென்றால் அதை எழுதினது
கயிறு கட்டிய கை.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்லணும்.
உள்ளே ஒருத்தி போனால் வெளியே ஒருத்தி பிடிக்கணும்.
யாரைக் கூப்பிடலாம் என்பதற்கும் நிறம் உண்டு.
பாத்துவும் பிரிஸ்கில்லாவும் வராத நாளில்
காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல்
உள்ளாட்சி அமைப்புகள் பாடம் படித்திருக்கிறேன்,
தொடையை இறுக்கிக்கொண்டு.

வெள்ளிக்கிழமை மாணவர் மன்றம்.
மந்திரிசபை அமைத்தார்கள்.
விளையாட்டுத் துறைக்கு அடிபிடி.
சத்துணவுத் துறைக்கு அதைவிட,
கரண்டி யார் கையில் என்பது லேசான காரியமா?
தோட்டத்துக்கு ஒருத்தன்,
வாடிய இரண்டு அரளிச் செடிக்கும் அவனே பொறுப்பு.
சுகாதாரம் யாருக்கு என்றதும்
எல்லார் செருப்பிலும் ஏதோ ஒட்டியிருந்தது,
குனிந்து பார்த்தார்கள்.

எழுந்து நின்றேன்.
நின்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது.
செல்லாத சீட்டையும்
தீர்மான நோட்டில் எழுதணும் டீச்சர் என்றேன்.
குரல் ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது.
எழுதினார்கள்.
நோட்டு ஹெச்.எம். மேசைக்குப் போய்
'நிதி வந்ததும்' என்று திரும்பியது.

திங்கட்கிழமை இன்டர்வெல்.
பழைய தாழ்ப்பாள் பிடுங்கின ஓட்டையில்
ஒரு கயிறு கோத்திருந்தது,
நிலை ஆணியில் மாட்ட வாகாகச் சுருக்குப் போட்டு.
வியர்வையில் விறைத்த கயிறு,
மணிக்கட்டு அளவு.
மாட்டி இழுத்துப் பார்த்தேன். நின்றது.

என்ன கலருட்டி என்று பையன்கள் நச்சரித்தார்கள்.
பதினாறு பிள்ளைகளில் ஒருத்தி சொல்லவில்லை.
சொல்ல மாட்டோம்ல என்று நான்
கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல.
போர்டில், புது லீடர் கையெழுத்தில்,
பேசியவர்கள்:
பகவதி.
எதிரே நாலு கோடு நெட்டுக்கு,
ஒன்று குறுக்கே.