எட்டுச் சீவல்

குளச்சலில் இருந்து ஆன்றோ பிரதீஷ் அனுப்பிய வீடியோவில்
என் நட்சத்திரம் வரிக்குதிரையாகத் தொங்கியது.
"நேர்ல நல்லாத்தான் இருக்கு கேட்டியாக்கா,
போன்ல பிடிச்சாத்தான் கறுப்புக் கறுப்பா ஓடுது.
ஊரே போன்லதான பாக்கும்."

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
தேன் கடை மாடியில் டியூப்லைட்டை அணைத்துவிட்டு
சோதனைப் பலகையின் முன்னால் பேனாவை வீசிப் பார்த்தேன்.
ஏழெட்டுப் பேனா தெரிந்தது.
இவ்வளவு மெதுவாகவா பொய் சொல்லியிருக்கிறேன்?

பாதி வெளிச்சம் என்று ஒன்று சிப்பிடம் கிடையாது.
எரி. அணை. இரண்டே சொல்.
மங்கலும் மினுக்கமும் மெல்லப் படர்வதும்
அந்த இரண்டையும் கண்ணுக்குப் பிடிபடாமல்
மாற்றி மாற்றிச் சொல்வதுதான்.

நான் எழுதியிருந்தது நேர்மையான, மடத்தனமான நிரல்:
சுற்றுக்கு இருநூற்றைம்பத்தாறு படி,
படிக்குப் படி எட்டு விளக்கிடமும் போய்
உன் நேரம் முடிந்ததா, உன் நேரம் முடிந்ததா என்று
வட்டிக்காரன் மாதிரிக் கதவைத் தட்டுவது.
நொடிக்குப் பத்து லட்சம் துடிப்பு,
கேட்டே தீர்ந்துவிடுகிறது.
அறுபத்திரண்டு சுற்றுக்கு மேல் தேறவில்லை.
கடிகாரத்தை விரட்டலாம்தான்;
நள்ளிரவுப் பூசைக்கு முன்பே பேட்டரி கண்ணை மூடிவிடும்.

கீழே சிப்ஸ் போடுகிறவர்
கொதிக்கிற எண்ணெய்க்கு மேலேயே
நேந்திரங்காயைச் சீவிக்கொண்டிருந்தார்,
ஒவ்வொன்றாக.
எட்டையும் சேர்த்துப் பிடித்தால்?

பிடித்தேன்.
எட்டு விளக்கின் எட்டு எண்களை அடுக்கி
நீளவாக்கில் படிப்பதை விட்டுவிட்டுக் குறுக்கே அறுத்தேன்.
ஒரு சீவலில் எல்லா விளக்குக்கும் ஒவ்வொரு பிட்.
அப்படியே போர்ட்டில் போடு, ஒரு பங்கு நேரம் பொறு.
அடுத்ததற்கு இரண்டு பங்கு, பிறகு நான்கு,
கடைசிக்கு நூற்றிருபத்தெட்டு.
யாரையும் எதுவும் கேட்க வேண்டாம்.

முதல் மூன்று சீவலுக்கு மட்டும் டைமரைக் கூப்பிட முடியாது.
அது செருப்பு மாட்டி வருவதற்குள் நேரம் போய்விடும்.
அங்கே அசெம்பிளியில்
சும்மா இரு
சும்மா இரு
சும்மா இரு
என்று வரிசையாக எழுதி வைத்தேன்.
ஒன்றும் செய்யாததற்கும் ஒரு துடிப்பு கூலி உண்டு.

நானூற்றுத் தொண்ணூறு.

கருங்கல் வழி பஸ்ஸில் போய்ப் பார்த்தேன்.
கோயில் திருப்பத்தில் ஜன்னலோரம் இருந்து
தலையை வெடுக்கென்று திருப்ப, திரும்பவும் திருப்ப,
பக்கத்தில் காலி மீன் சட்டியோடு வந்தவர்
"கழுத்து பிடிச்சிற்றா மக்ளே?" என்றார்.
வெளிச்சம் புள்ளி புள்ளியாகச் சிதறவில்லை.

ஒரே ஒரு இடம் தவிர.
நூற்றிருபத்தேழில் இருந்து நூற்றிருபத்தெட்டுக்கு ஏறுகையில்
எட்டு பிட்டும் ஒன்றாகப் புரண்டு
நட்சத்திரம் ஒரு கணம் விக்குகிறது.
தெரிந்துதான் இருந்தது.
சரிசெய்ய இடமில்லை, சிப்பில் பதினோரு பைட் மிச்சம்.

"பாதியில ஒரு வெட்டு வெட்டுது பாரு,
அது எப்பிடிக்கா போட்ட?" என்றான் ஆன்றோ.
பில்லில் அதற்கென்று தனியாக
எதுவும் எழுதவில்லை.