ஒரே நேரத்தில்

விதி இதுதான்:
ஒரு மணி நேரம் ஜன்னலோரம் உட்கார வேண்டும்.
வந்துபோகிற பறவைகளையெல்லாம் கூட்டக் கூடாது.
ஒரே நேரத்தில் கண்ணில் பட்டவை எத்தனை,
அதில் பெரிய எண்ணை எழுதினால் போதும்.
போனதே திரும்பி வந்திருக்கலாம் இல்லையா,
அதனால்.

ரௌனி ஒவ்வொரு ஜனவரியும் எழுதுவாள்.
நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.
கயானி நகரத்துக் குழாய்களுக்கெல்லாம்
ராமுழுக்க வெந்நீர் அனுப்பிவிட்டு வருகிறவனுக்குக்
குருவி என்பது ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அக்டோபரில் அவள் வாசாவுக்குப் போனாள்.
தையல் மிஷின், பனிச்சறுக்குக் கட்டைகள், பாதிப் புத்தகங்கள்.
தீவனக் கூண்டை விட்டுவிட்டாள்.
மறந்தாளா என்று நான் கேட்கவில்லை.
ஆப்பிள் மரத்தில் நவம்பர் முழுக்க அது
காலியாக ஆடியது.

குருவிகளுக்கு யாரும் சொல்லவில்லை.

டிசம்பரில் ஒன்று வந்து ஜன்னலைத் தட்டியது.
கறுப்புத் தொப்பி, மஞ்சள் வயிறு,
கழுத்திலிருந்து கீழ்வரை கறுப்பு டை,
கடன் வசூலிக்க வந்த ஆள் மாதிரி
ஒரு பட்டாணிக்குருவி.
'உன்னைக் கூப்பிடவில்லை,
கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டும் பூச்சைத் தின்கிறது,
ஆளிவிதை எண்ணெய் இருக்கும் அதில்'
என்றான் பக்கத்து வீட்டு சூலோ.
கூடவே சொன்னான்: தீவனம் போட்டால் எலி வரும்.

மறுநாள் போய்ச் சூரியகாந்தி விதை
இருபது கிலோ மூட்டையாக வாங்கினேன்.
யாராவது கேட்டால்
எலிக்கு என்று சொல்வதாக இருந்தேன்.

இன்று மைனஸ் இருபத்தொன்பது.
கூண்டின் தாழ்ப்பாள் விரல்தோலைப் பிடித்துக்கொண்டு
விடமாட்டேன் என்றது.
ஒன்பதேகாலுக்கு வெளிச்சம் என்று ஒன்று வந்தது,
பால் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில்.
வேலை உடுப்பைக் கழற்றாமல் உட்கார்ந்தேன்.
காப்பி. பென்சில்.
மின்சாரக் கட்டணம் வந்த உறையின் முதுகு.

மூன்று. ஐந்து. மறுபடி மூன்று.
ஆளுக்கொரு விதையை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய்க்
காலடியில் அழுத்திப் பிளந்து
தின்று திரும்புகின்றன.
உட்கார்ந்த இடத்திலேயே மென்றுகொண்டிருப்பவை வேறு:
செங்கல் சிவப்பு மார்பு, கழுத்தே கிடையாது,
சவ்னாவிலிருந்து நேராக வந்து அமர்ந்த
தடித்த ஆட்கள் போல இரண்டு.
அவற்றை அதட்டிக்கொண்டு
பழுப்பு நிறத்தில் ஒரு பெண்.

ஏழு. எட்டு. ஒன்று போனது, இரண்டு வந்தன.
பதினொன்று.
மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை.
பதினொன்று பட்டாணிக்குருவிகள்!
யாருமில்லாத சமையலறையில்
சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

அப்போது தோட்டம் நின்றது.
முதலில் போனது சத்தமா அசைவா, தெரியவில்லை.
ஸ்ப்ரூஸ் மரத்தின் உச்சியில்
மூடிய கை அளவுக்கு ஓர் ஆந்தை,
பட்டப்பகலில்.
அது பறந்ததைப் பறந்தது என்று சொல்ல மாட்டேன்.
விழுந்தது.
கூண்டு ஆடியது, விதை சிந்தியது.

வசந்தத்தில் குஞ்சு பொரிக்கட்டும் என்று
ரௌனி பிர்ச் மரத்தில் அறைந்த பெட்டி.
அதன் துளைக்குள் தலையை நுழைத்து
ஆந்தை எதையோ உள்ளே வைத்தது,
மீந்த குழம்பை ஃபிரிட்ஜில் வைக்கிற நிதானத்தோடு.
வெளியே வந்து என்னைப் பார்த்தது. போய்விட்டது.

ஆந்தை, ஒன்று.
பட்டாணிக்குருவி, பதினொன்று.
அதைப் பத்தாக்கப் பென்சிலை வைத்தேன்,
வைத்த இடத்திலேயே வைத்திருந்தேன்.
கழிக்கச் சொல்லி விதியில் இல்லை.
ஒரே நேரத்தில் இருந்தன.
இருந்தது இருந்ததுதான்.

இன்னும் பதினாறு நிமிடம் மிச்சம்.
ஒன்றும் வரவில்லை.
எழுந்திருக்கவும் இல்லை.
காப்பியில் ஆடை கட்டியது.

கடைசி நிமிடத்தில் கூண்டுக்குக் கீழே
பனியை உள்ளிருந்து துளைத்துக்கொண்டு
ஒரு மூக்கு, பிறகு இரண்டு காது,
சிந்திய விதைகளை ஒவ்வொன்றாக
கன்னத்தில் அடைத்துக்கொண்டு உள்ளே போனது.

அதையும் உறையின் ஓரத்தில் எழுதினேன்.
சூலோவிடம் சொல்வதாக இல்லை.