முறுக்கு

தீபாவளிக்கு முந்தின வாரம்
தேக்காவில் வாங்கிய கைமுறுக்கு
என் கீழ்க்கடைவாய்ப் பல்லை இரண்டாகப் பிளந்தது.
முறுக்கின் மேல் பழி போட மாட்டேன்.
பத்து வருஷம் உள்ளே இருட்டைச் சேர்த்தவன் நான்.

ஈசூனில் கீழ்த்தளக் கிளினிக்.
டாக்டர் கோ ஹுய் மின் வேரைப் பிடுங்கி, ஆறவிட்டு,
தாடையைத் துளைத்து
டைட்டானியம் திருகு ஒன்றை நட்டார்.
எலும்பு அதை ஏற்றுக்கொள்ள நான்கு மாதம் என்றார்.
பரவாயில்லை.
எனக்கு பிஆர் கிடைக்க ஒன்பது வருஷம்.
அந்த நான்கு மாதமும் நாக்கு பள்ளத்துக்கே போனது,
பழுது என்று எழுதி ஒட்டிய லிஃப்டின் பொத்தானை
மறுபடி மறுபடி அழுத்துகிறவர்கள் மாதிரி.

மேல்பல்லைப் பொருத்திய நாள்
சாவி அளவுக் கருவியால் முறுக்கினார்.
க்ளிக்.
வாய் பிளந்தபடி எனக்குச் சிரிப்பு.
இருபத்தாறு வருஷமாக மோட்டார் அறையில்
குனிந்து நான் கேட்கிற அதே க்ளிக்.
குறைந்தால் ஆடும், மிஞ்சினால் மறை கழலும்.
என் ஸ்பானர் முழ நீளம்,
அவ்வளவுதான் வித்தியாசம்.

எத்தனை வருஷம் தாங்கும்?
வாயை மூட விட்டதும் கேட்டேன்.
திருகு உங்களைத் தாண்டியும் இருக்கலாம்,
மேல்பல்லை ஒருநாள் மாற்ற வேண்டி வரும்,
சந்தேகம் ஈறு மேல்தான் என்றார்.
இது நான் சொல்கிற பதில்.
புது லிஃப்ட் எவ்வளவு காலம் வரும் என்று
ஐந்தாம் மாடி ஆன்ட்டி கேட்டால்
"கயிறு நல்ல கயிறு, ஆன்ட்டி.
கதவுத் தடத்தில் சாத்தே குச்சி போடாமலிருந்தால்" என்பேன்.
போடுகிறார்கள்.

என்னோடு வேலை செய்யும் ஆ ஹொக்குக்கு
ஆறே வருஷத்தில் விழுந்துவிட்டது,
மீன் உருண்டை மீ கிண்ணத்தில்.
சூப்பில் ஆணி என்று
கடைக்காரனோடு சண்டைக்குப் போனான்.
வலிக்கவே இல்லையே என்று இன்றும் சொல்கிறான்
சிகரெட்டைக் கீழே வைக்காமல்.

வலிக்காது.
ஐஸ் கச்சாங்கை அதன் மேல் உருட்டிப் பார்த்தேன்:
பக்கத்துப் பல் துள்ளியது. இது கல்.
கூசாது, சொத்தை விழாது, நடுராத்திரி எழுப்பாது.
ஈறு கொஞ்சம் சிவக்கும்,
துப்பும்போது ஓர் இழை ரத்தம்.
அதன் புகார் அவ்வளவுதான்.
அதற்குள் எலும்பு ஒரு படி இறங்கியிருக்கும்.
சத்தம் போடுகிற லிஃப்டிடம் எனக்குப் பயமில்லை.
பதினெட்டு மாடி ஓசையில்லாமல் ஏறுகிறதே,
அதன் சுவரில்தான் காது வைப்பேன்.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று படித்தவன்
இப்போது பாட்டில் பிரஷ்ஷின் குட்டி மாதிரி ஒன்றை
பல்லிடுக்கில் விட்டு ஆட்டுகிறேன்.
நூலை வளைத்து ஈறோரம் இழுக்கிறேன்.
குளியலறைக் கதவின் பின்னே
லிஃப்டுக்குத் தொங்குவது போல் ஒரு பராமரிப்பு அட்டை:
மார்ச், செப்டம்பர், நோராஷிகின் கையெழுத்து.
காறை சுரண்டுகிறவள் அவள்தான்.
போன தடவை ஒரே இடத்தில் தட்டி
"அங்கிள், இங்கே சோம்பேறித்தனம்" என்றாள்.
உள்ளதுதான்.
அந்த வாரம் எனக்கு நைட் ஷிஃப்ட்.

நேற்று கணக்குப் போட்டேன்.
வீட்டுக்குக் குத்தகை இன்னும் அறுபது வருஷம்.
எனக்கு, சரி, அது கிடக்கட்டும்.
திருகுக்கு மட்டும் தேதி போடத் தெரியவில்லை.
மண்டாயில் எல்லாம் முடிந்தபின்
சாம்பலில் காந்தம் விட்டுத் தேடுவார்களோ என்னவோ,
டைட்டானியம் காந்தத்துக்கு வராது,
கையால்தான் பொறுக்க வேண்டும், ஞாபகம் வை
என்றேன் பூங்கோதையிடம்.

அவள் டப்பாவைத் திறந்து
ஒரு முறுக்கை இரண்டாக உடைத்து
பாதியை என் கையில் வைத்தாள்.
"அந்தப் பக்கமாவே மெல்லுங்க.
மெடிசேவ் காசு."