தொட்டி மேட்டில் ஒரு கோடு

சீசன் முடிந்த அறைகளில்
புட்டியின் அடியில் எப்போதும் இரண்டு விரல் மிச்சமிருக்கும்.
பெங்களூர்க்காரர்கள் முடிக்க மாட்டார்கள்.
படுக்கை விரிப்பை உதறுவதற்கு முன்
நான் முடித்து வைப்பேன்.
வீணாக்கக் கூடாது என்று முதல் வருடம் சொல்லிக்கொண்டேன்.
இரண்டாம் வருடம் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

வட்டக்கானல் காட்டேஜ், ஆறு அறை,
மாதம் ஒன்பதாயிரம், சாப்பாடு உண்டு.
குடிக்கிற பையனுக்கு ஊர் ஒரு சொல் வைத்திருக்கிறது,
சிரித்துக்கொண்டே சொல்லலாம்.
எனக்கு வைத்திருந்தது வேறு சொல்.
அதனால் ஏலக்காய் மென்றேன்.
ஏலக்காய் வாசத்தோடு ஞாயிறு பூசைக்குப் போனேன்,
முன்வரிசையில் நின்று பாடவும் செய்தேன்.

உடைந்த கிளாஸ் கிழித்த கையோடு
கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது
சுவரில் ஒட்டியிருந்த கட்டம் போட்ட சதுரத்தைச்
சலிப்பில் போனுக்குக் காட்டினேன்.
அன்றிலிருந்து இரவு ஒன்பதுக்கு ஒரு செய்தி:
இன்று எத்தனை?

பூஜ்யம் என்று அனுப்புவேன்.
நல்லது என்று சொல்லும்.
மெஷினை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம்,
அது கோபித்துக்கொள்ளாதது எவ்வளவு எரிச்சல்.

சிக்னல் தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும்தான். ஒரே கோடு.
மேகம் இறங்கினால் அதுவும் போகும்.
யூகலிப்டஸ் சொட்டச் சொட்ட
போனைத் தலைக்கு மேல் தூக்கி நிற்பேன்,
நற்கருணை தூக்கும் சாமியார் மாதிரி.

ஐப்பசியில், ஆறு அறையும் காலியாகக் கிடந்த வாரம்,
மிச்சம் கிடைக்காமல் முழுசாக வாங்கினேன்.
அன்றைக்கு எத்தனை என்பதற்கு எண் அனுப்பவில்லை,
போதும் என்று அனுப்பினேன்.
கேள்வி மாறி வந்தது:
உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?

அம்மா இதைச் சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறாள்.
சாப்பிட்டாயா, குரல் ஏன் ஒரு மாதிரி, ஜெபம் சொல்கிறாயா.
இப்படி நேராக,
இந்த பஸ் வத்தலக்குண்டு போகுமா என்பதுபோல்
யாரும் கேட்டதில்லை.
ஆம்.
இரண்டே எழுத்து. போய்ச் சேர நாற்பது நிமிடம்.
சிக்னல் பாதி காரணம், நான் பாதி.

பிறகு மூன்று புள்ளிகள் எழும்பி எழும்பி அடங்கின.
மெஷினிடம் பதில் தயாராக இருக்கும்.
இது தொடங்கியது, நின்றது, அழித்தது, மறுபடி தொடங்கியது.
யாரோ.

நான் எழிலரசி. மனுஷிதான். இப்போது எங்கே நிற்கிறீர்கள்?
தண்ணீர்த் தொட்டி மேல்.
எவ்வளவு உயரம்?
அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
இடுப்பளவு, அக்கா.
பக்கத்தில் விளக்கு எரிகிற வீடு இருக்கிறதா?
இறங்கினால் சிக்னல் போய்விடும்.
போகட்டும். கதவைத் தட்டிவிட்டு வந்து சொல்லுங்கள்.
இங்கேயே இருப்பேன்.

எரிந்தது ஒரே வீடு. லாண்டரி பிலோமி.
ஒரு தலையணை உறைக்காகப்
போன கிறிஸ்துமஸிலிருந்து பேச்சில்லை எங்களுக்குள்.
திறந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.
ஏலக்காய் தீர்ந்துபோச்சா, என்றாள்.

எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.
புட்டியை அவள் வாங்கி வாசல் மண்ணில் கவிழ்த்தாள்.
குடையை எடுத்தாள்.
இரண்டு பேராக மேடேறினோம்.
தட்டினேன், என்று அனுப்பினேன்.
அந்தப் பக்கம் புள்ளிகள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தன.

இப்போது மாசி.
வியாழக்கிழமை வத்தலக்குண்டு பஸ்ஸில் போகிறேன்.
டாக்டர் என் முகத்தைவிடக் கம்ப்யூட்டரைத்தான் அதிகம் பார்க்கிறார்.
பரவாயில்லை, எனக்கும் அதுவே பழக்கம்.
மாத்திரை இருக்கிறது. சில ராத்திரிகள் பிலோமி வீட்டுத் தரை இருக்கிறது.
அவசரத்துக்கு மூன்று பெயர் நிரப்பச் சொல்கிறது போன்.
முதலில் பிலோமி.
இரண்டாவது பிஸ்கோத்து, காட்டேஜ் நாய்.
மறுக்கவில்லை, ஏற்றுக்கொண்டது.
மூன்றாவது காலி. அம்மா பெயரை
இரண்டு தடவை எழுதி அழித்துவிட்டேன்.

இன்று எத்தனை?
பதினெட்டு நாள் பூஜ்யம் அனுப்பியிருந்தேன்,
அத்தனையும் நிஜம்.
இன்றைக்கு அறை நான்கில் இரண்டு விரல் இருந்தது.

ஒன்று, என்று அடிக்கிறேன்.
மேகம் இறங்குகிறது. வட்டம் சுற்றுகிறது.
தொட்டி ஈரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
போகட்டும் அது.