எட்டரை மணிக் கணக்கு

பிலோமினா,
நீ கேட்டது ஒரே வரி:
உன் ஊருக்கு எப்போது வந்தால் நன்றாயிருக்கும்?

தாலுகா ஆபீஸின் பின்பக்கம்
ஜீப் ஷெட்டுக்கும் புங்கமரத்துக்கும் நடுவே
மழைமானி இருக்கிறது.
பதினொரு வருஷமாகக் காலை எட்டரைக்கு
அதன் மூடியைத் திருகித் திறப்பவள் நான்.
என்னிடம் கேட்டால் பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியுமா?

தை மாதம் வேண்டாம் என்று முதலில் எழுதினேன்.
மேலுமலைக் கணவாயில் பனி இறங்கிவிட்டால்
லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு
எருமைகளாக நகரும்.
உன் பஸ் எந்த எருமைக்குப் பின்னால் நிற்குமோ.

மாசியில் புளி.
சாலையோர மரங்களை உலுக்கி
நிழல் கிடைத்த இடத்திலெல்லாம் தட்டிக்கொண்டிருப்பார்கள்.
ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தாலே பல் கூசும்.
இதுவும் ஒரு காரணமா என்று நீ கேட்கவில்லை.

சித்திரையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.
பகல் முழுக்க வாங்கிய வெயிலை
சையத் பாஷா மலை
ராத்திரி பத்து மணிக்கு மேல்
வட்டியோடு திருப்பித் தருகிறது.
கட்டிலை எங்கே இழுத்துப் போட்டாலும்
முதுகுக்கு அடியில் ஒரு பாறை.

ஆனியில் மாம்பழம் உண்டே என்றாய்.
உண்டு.
காவேரிப்பட்டணம் வரைக்கும் டிராக்டர் வரிசை,
கூழ் ஃபாக்டரி வாசலில் ஈ,
தித்திப்பு அழுகும் வாசனை,
கண்காட்சிக்கு வந்தவர்களால் லாட்ஜில் ரூம் இல்லை.
ஆடிக் காற்றில் புடவையா கண்ணா, எதைப் பிடிப்பது.

புரட்டாசி?
இருட்டில் இடித்துக் கொட்டிவிட்டு
விடிந்ததும் ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும் ஊர்.
அணை ஷட்டரைத் தூக்கினால்
தரைப்பாலத்துக்கு மேல் தென்பெண்ணை.

ஒரு நாள் ஜீப்பைத் துடைத்துக்கொண்டே
திம்மராயன் கேட்டார்:
"யாருக்கும்மா இது?
பன்னெண்டு மாசத்தையும் வேணாங்கிறீங்க."

உண்மையைச் சொன்னால்
வானிலைக்கு இதில் பங்கு கம்மி.
ஒற்றை அறை,
கழுவிக் கவிழ்த்த ஒரே தட்டு,
கல்யாண போட்டோ மாட்டியிருந்த ஆணி.
அதை நீ பார்க்க வேண்டாம் என்றுதான்
பனியைக் கூப்பிட்டேன், வெள்ளத்தைக் கூப்பிட்டேன்,
ஈயைக்கூடக் கூப்பிட்டேன்.

நீ வந்தாய். சொல்லாமல்.
ஏப்ரல் பத்தொன்பது, உச்சி வேளை,
தூத்துக்குடி மக்ரூன் டப்பாவும் நனைந்த கைக்குட்டையுமாக.
"என்னடி இது, எங்க உப்பளம் தேவலை" என்றாய்.
ஆணியைப் பார்த்தாய்.
உன் கைப்பையை அதில் மாட்டினாய்.
ஒரே தட்டில் இரண்டு பேர் சாப்பிட்டோம்.

நாலு மணிக்கு மேற்கே கறுத்தது.
புழுதிதான் முதலில் வந்தது, பிறகு தகரங்கள் பேசின,
பிறகு கல்.
எங்கோ தோப்புகளில் பெங்களூராப் பிஞ்சுகள்
பொத்துப் பொத்தென்று விழுந்திருக்கும்;
மறுநாள் மனு கொடுக்க வருவார்கள், தெரியும்.
அதையும் மறந்துவிட்டு
நீ வாசலில் இறங்கிப் பொறுக்கிய ஆலங்கட்டியை
வாய்க்குள் போட்டு
எனக்கும் ஒன்று நீட்டினாய்.
கொஞ்சம் மண்ணாக இருந்தது.
பத்து மணி பஸ்ஸுக்கு நீ போய்விட்டாய்.
அன்றிரவு மலை
யாருக்கும் எதையும் திருப்பித் தரவில்லை.

காலை எட்டரை. இருபத்து மூன்று புள்ளி நாலு மில்லிமீட்டர்.
எங்கள் வேலையில் ஒரு விதி இருக்கிறது, உனக்குத் தெரியாது:
எட்டரைக்குப் பிறகு பெய்வதெல்லாம்
மறுநாள் தேதியில்தான் ஏறும்.
பதிவேட்டைத் திறந்து பார்.
நீ இருந்த பத்தொன்பதாம் தேதிக்கு எதிரே பூஜ்யம்.
நீ இல்லாத இருபதாம் தேதிக்கு அத்தனை மழையும்.
குறிப்புக் கட்டத்தில் 'ஆலங்கட்டி' என்று எழுதினேன்.
தாசில்தார் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

அதனால், பிலோமினா,
இனி மாதம் கேட்காதே.
எந்த மாதமானாலும் சரி,
முதல் நாளே புறப்பட்டு
எட்டரைக்கு முன்னால் வந்து இறங்கு.
திம்மராயனிடம் சொல்லி வைக்கிறேன்,
பஸ் ஸ்டாண்டுக்கு வருவார்.