இருபது தெத்ரி

இரவில் அது உட்கார்ந்துவிடும்.
முதலில் இடது முன்னங்கால்,
ஒரு மணி நேரம் கழித்து வலது.
மூன்றாம் மாடி ஜன்னலுக்குக் காற்று இறங்கும் சத்தம்
கேட்காது, தெரியும்.
இருந்தாலும் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன்.

குத்தாயிசியின் இந்தத் தெருவில்
முன்பம்பர் இல்லாத கார்கள் பாதி,
கண்ணாடிக்குப் பாலித்தீன் ஒட்டியவை மீதி.
நடுவே என்னுடையது.
கறுப்பு மெர்சிடிஸ். இரண்டாயிரத்து இரண்டு.
முதல் சொந்தக்காரர் ஏதோ ஜெர்மன் வங்கியில் பெரிய ஆளாம்.
எனக்கு முன்னால் ஆறு பேர்.
ஆறாவது ஆள், ருஸ்தாவி சந்தையில்,
சாவியை நீட்டியபோது
வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

வாங்கிய விலை ஒரு நல்ல ஸ்கூட்டரின் விலை.
சுண்டைக்காய் கால் பணம்தான்.
சுமைகூலியைத்தான்
மூன்று வருடமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மருந்துக்கடையில் எனக்கு இரவுப் பணி.
ஆள் வராத மூன்று மணிக்கு
வீணான மருந்துச் சீட்டுகளின் முதுகில் எழுதுவேன்:
கம்ப்ரெஸர், பழையது, நூற்றைம்பது லரி.
இடது முன் காற்றுப்பை, இன்னும் பழையது, இருநூற்றுப் பத்து.
பின்கதவு தானாக மூடும் மோட்டார்
(கையால் சாத்திக்கொள்ளலாம். அடித்துவிட்டேன்.)
ஜும்பெரின் கூலி, அவன் குடிக்காத வாரமாக இருந்தால்.

அந்தச் சீட்டைப் பார்த்து ஒருநாள்
முதலாளியம்மா கேட்டாள்: யாருக்கு உடம்பு சரியில்லை?

பெட்ரோல் பத்து லரிக்கு மேல் போட்டதில்லை.
பங்க் பையன் டேங்க் மூடியைத் திறக்கும்போதே
உதட்டோரம் சிரிப்பான்.
மசாஜ் செய்யும் இருக்கை ஒன்று உண்டு.
அது பின்பக்கம், வலது ஓரம்.
ஓட்டுகிறவளுக்கு அங்கே என்ன வேலை?
பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த ஒரு விடியலில்
வாசலிலேயே இன்ஜினை ஓடவிட்டு
பின்னால் போய் உட்கார்ந்தேன்.
ஏதோ ஒரு முதுகுக்காக யாரோ கணக்குப் போட்டுச் செய்த உருளைகள்
என் முதுகில் ஏறி இறங்கின.
மூன்று லரிக்கு எரிந்திருக்கும்.
அந்தக் கணக்கை எழுதவில்லை.

செப்டம்பரில் ஒரு கல்யாணம்.
கீழ்வீட்டு ரமாஸின் தங்கை தியோனா.
தேவாலயத்திலிருந்து விருந்து மண்டபம் வரை, நூற்றைம்பது லரி.
சரியாக ஒரு கம்ப்ரெஸர்.
ரிப்பன் கட்டினார்கள், ஒரு பொம்மை ஒட்டினார்கள்,
பூசை நீண்டுகொண்டே போனது.
வெயிலில் நின்ற கார்
ஊர் முழுக்கப் பார்த்திருக்க
மெல்ல, மிக மெல்ல,
நான்கு காலையும் மடக்கி உட்கார்ந்தது.
ரமாஸ் என்னைப் பார்த்தான்.
நான் ரிப்பனைப் பார்த்தேன்.

தியோனா படியிறங்கி வந்து நின்றாள்.
“எனக்காகவா மண்டியிட்டிருக்கிறது?”

“மணப்பெண் என்றால் மட்டும் செய்யும்,” என்றேன்.

கூட்டம் கைதட்டியது.
கோதுமையும் சில்லறையும் எறிந்தார்கள்.
சாவியைத் திருகினேன்.
டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு வரி எரிந்தது.
எனக்கு ஜெர்மன் தெரியாது, இந்த வாக்கியம் மட்டும் தெரியும்:
நில், வண்டி மிகத் தாழ்வு.
கைக்குட்டையைப் போட்டு மூடினேன்.
கம்ப்ரெஸர் முனகியது, நின்றது, மறுபடி முனகியது,
முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம்,
படுத்த எருமை எழுவதுபோல்
கல்யாணத்தை முதுகில் தூக்கிக்கொண்டு எழுந்தது.

அந்த நூற்றைம்பதில் கம்ப்ரெஸர் வாங்கவில்லை.
மறுநாளே ரேடியேட்டர் ஒழுகியது.

இப்போது இடதுபக்கம் திருப்பும்போதெல்லாம்
பின்னிருக்கைக்கு அடியில் ஏதோ உருண்டு ஒலிக்கிறது.
டார்ச் அடித்துப் பார்த்த ஜும்பெர் சொன்னான்:
இருக்கைத் தண்டவாளத்துக்குள் இருபது தெத்ரிக் காசு.
எடுக்க வேண்டுமானால் இருக்கையைக் கழற்ற வேண்டும்.
நாற்பது லரி.

இருக்கட்டும் என்றேன்.
நான் போடாமல்
இந்தக் காருக்குள் விழுந்த காசு
அது ஒன்றுதான்.