சேதாரம்

நாணயத்துக்குச் சேதாரம் கிடையாதென்று
மார்த்தாண்டம் கடையில்தான் தெரிந்துகொண்டேன்.
மாலையென்றால் நாத்தனார் கல்யாண வீட்டுக்குக் கேட்பாள்,
கழுத்தில் கிடந்தால் கடன்காரன் கண்ணில் படும்.
நாணயத்துக்குக் கொளுக்கி இல்லை.
யாரும் இரவல் கேட்பதில்லை.

ததேயு தங்கல் போய்வரும் ஒவ்வொரு முறையும்
டீசல் கழித்து, ஐஸ் கழித்து
பங்கில் மிஞ்சினால் தங்கம் ஒரு கிராம்,
மிஞ்சாவிட்டால் வெள்ளி பத்து.
போன வருஷம் முழுக்க வெள்ளிதான்.

இந்த ஐப்பசியில் டிவியின் அடிவரியில்
ஒன்றன் வாலைப் பிடித்து ஒன்று ஓடியது:
கிராமுக்கு நூற்றுப்பத்து ரூபாய் உயர்வு
அரபிக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு.
முதல் வரியிலேயே மனசு
பெருக்கத் தொடங்கிவிட்டது.
அதை எவரிடமும் சொல்லவில்லை,
பாவசங்கீர்த்தனத்திலும்.

அன்றிரவு டப்பாவைத் திறந்தேன்.
பில்லுகள் பத்திரமாக இருந்தன.
தூத்தூர் உப்புக்காற்றில் வெள்ளி கறுத்திருந்தது.
கறுத்தாலும் எடை குறையாது
என்று கடைக்காரர் சொன்னதுதான்.

நாற்பத்தொன்றாம் நாள்
கொச்சியில் கரையேறி பஸ்ஸில் வந்தான்.
கறுத்திருந்தான்.
தராசில் வைக்காமலே தெரிந்தது,
குறைந்திருந்தான்.

சோறு பிசைந்தபடி கேட்டான்,
"இன்னைக்கு என்ன வெல?"

மீனுக்கா, என்றேன்.